பதினைந்து முழத் துணியும் ஒரு கட்டிச் சோப்பும்

உடம்பைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதைப் பெரியகுளத்துக்காரர்களுக்கு யோகா வகுப்பு வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வராக நதித் தண்ணீரைக் காசித் தீர்த்தத்துக்குச் சமமாக வைத்து, பாலசுப்பிரமணியர் கோயில் துறையில் முங்கி எழுந்த ஊர் இது. சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலும், விடுமுறை நாளில் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து விளக்கெண்ணெய் ஊற்றிப் பேதிக்குக் கொடுப்பதும் வடகரையிலும் தென்கரையிலும் வீட்டு வழக்கமாக இருந்தவை. "வயித்தக் கழுவுனா பாதி நோவு போச்சு" என்று ஒருவர் சொன்னால் இங்கே யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். யோகா ஆசிரியர் வந்து, உப்புத் தண்ணீர் குடித்துக் குடலைக் கழுவலாம், மூக்கில் தண்ணீர் விட்டுத் தலையைக் கழுவலாம் என்று சொல்லும்போது, பாட்டி சொன்னதையே இவரும் கொஞ்சம் சமஸ்கிருதத்தில் சொல்கிறார் என்று தலையாட்டிவிடுகிறோம். பாட்டியின் மேல் இருந்த நம்பிக்கை அப்படியே இந்தப் பயிற்சிகளின் கணக்கில் வரவாகிவிடுகிறது. அதனால்தான் இவற்றைத் தனித்தனியே எடைபோட வேண்டியிருக்கிறது.

ஐ.நா. சபை 2014இல் அறிவித்து, 2015 முதல் ஜூன் 21 யோகா தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அதன்பின் சிற்றூர்களிலும் பயிற்சி வகுப்புகள் பெருகின. ஜலநேதி, கபாலபாதி, சங்கப் பிரக்ஷாளனம், நாடி சுத்தி, தியானம் எல்லாவற்றையும் சேர்த்து "உடல், மூச்சு, மனத் தூய்மை" என்று ஒரே கட்டாகக் கட்டித் தருகிறார்கள். கட்டில் ஒன்று நல்லதாக இருந்தால் மற்றவையும் நல்லவை என்ற எண்ணம் தானாக வந்துவிடும். கட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் நூல்களின் சாட்சி. கிரியைகள் எனப்படும் ஆறு தூய்மைப் பயிற்சிகளுக்கு எல்லோரும் காட்டும் ஆதாரம் சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தௌதி, பஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்ற ஆறும் அதன் இரண்டாம் அத்தியாயத்தில் வருகின்றன. ஆனால் அவற்றை விவரிக்கத் தொடங்கும் முன்பே நூல் ஒரு நிபந்தனை போடுகிறது: கொழுப்பும் கபமும் மிகுந்தவர்தான் இவற்றைச் செய்ய வேண்டும், தோஷங்கள் சமமாக இருப்பவர் செய்ய வேண்டியதில்லை. ஆறையும் விவரித்து முடித்த கையோடு இன்னொன்றும் சொல்கிறது: பிராணாயாமத்தாலேயே எல்லா மலங்களும் நீங்கும், வேறு கிரியை வேண்டாம் என்று கருதும் ஆசாரியர்களும் உண்டு. முன்னால் ஒரு வேலி, பின்னால் ஒரு வேலி. இன்றைய வகுப்புகளில் நடுவில் இருக்கும் தோட்டம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, வேலிகள் இரண்டும் காணாமல் போய்விட்டன.

பிற்காலத்து கேரண்ட சம்ஹிதை கிரியைகளுக்கு இன்னும் பெரிய இடம் தருகிறது. உடல் தூய்மையையே ஏழு படிகளில் முதல் படியாக வைக்கிறது. அதே நூல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, உள்ளிருக்கும் நாடியை வெளியே எடுத்துக் கையால் கழுவி மீண்டும் உள்ளே வைக்கும் ஒரு தௌதியையும் சொல்கிறது. தேவர்களுக்கே அரியது என்று தானே ஒப்புக்கொள்ளவும் செய்கிறது. நூலில் இருப்பதாலேயே ஒன்று செய்யத்தக்கது என்று வாதிடுபவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆக, நூலிலிருந்து தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. எல்லோரும் தேர்ந்தெடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். எந்த அளவுகோலால் தேர்கிறோம் என்பதுதான் கேள்வி.

தமிழ் மரபின் சாட்சி வேறு விதம். திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளையும் விரித்துப் பேசுகிறார். குடல் கழுவுதல் அங்கே ஓர் உறுப்பு இல்லை. மூச்சுக்குத்தான் அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். உடம்பைக் கழுவும் வேலையை நம் மரபு பெரும்பாலும் வைத்தியரிடம் விட்டிருந்தது. தேரையரின் நோயணுகா விதியில் அதற்கு நாள்கணக்கு இருக்கிறது: வாந்தி மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பேதி மருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை, மூக்கில் விடும் நசியம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, எண்ணெய் முழுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை. உடம்பை எவ்வளவு கடுமையாகக் கலக்குகிறதோ அவ்வளவு நீண்ட இடைவெளி. தினமும் காலையில் உப்பு நீர் குடித்து வாந்தியெடுங்கள் என்று சொல்லும் ஆசிரியருக்கு இந்த மரபும் துணை நிற்காது.

இனி உடம்பின் சாட்சி. எளிதானதும் பரவலானதும் ஜலநேதி. மூக்கின் ஒரு துளையில் வெதுவெதுப்பான உப்பு நீரை விட்டு மறுதுளையில் வெளியேற்றுவது. நாள்பட்ட சைனஸ் தொல்லைக்கு உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது பற்றிய ஆய்வுகளை 2016இல் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. நிறைய நீரில் தினமும் கழுவினால் கொஞ்சம் பலன் தெரிகிறது, ஆனால் சான்றின் தரம் குறைவு என்பது அவர்கள் முடிவு. காது மூக்கு தொண்டை மருத்துவர்களே இன்று இதைப் பரிந்துரைக்கிறார்கள். பண்டைய கிரியைகளில் நவீன மருத்துவம் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

ஆனால் தண்ணீர் எந்தத் தண்ணீர்? 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் நேதிக் கிண்டியில் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். நெக்லேரியா பவுலேரி என்ற அமீபா மூக்கு வழியே, வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போய்விட்டது. அதே தண்ணீரைக் குடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வயிற்று அமிலம் பார்த்துக்கொண்டிருக்கும். குடிக்க உகந்த தண்ணீர் மூக்குக்கும் உகந்தது என்று நாம் எடுத்துக்கொள்வது இங்கேதான் பொய்க்கிறது. லூசியானா தூரம் என்று தோன்றினால் குமுளியைத் தாண்டிப் பாருங்கள். 2024லும் 2025லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் அடுத்தடுத்து வந்து, குளத்திலும் கிணற்றிலும் குளிப்பது பற்றி அரசு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. நம் பக்கத்திலும் குழாயில் வருவது அணைத் தண்ணீர், தோட்டத்தில் கிடைப்பது கிணற்றுத் தண்ணீர். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் என்ற ஒரு வரி இல்லாமல் ஜலநேதி சொல்லித்தருபவரிடம் கற்கக் கூடாது. அந்த வரியோடு சொல்லித்தந்தால், மூக்கடைப்பும் தூசி ஒவ்வாமையும் உள்ளவருக்கு நேதி நல்ல பயிற்சி. மூக்கு நன்றாக இருப்பவருக்குத் தேவை என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. சுவாத்மாராமரும் அதைத்தான் சொன்னார்.

சங்கப் பிரக்ஷாளனம் வேறு கதை. முங்கேரில் சத்தியானந்த சரஸ்வதி நிறுவிய பீகார் யோகப் பள்ளி வழியாக இன்றைய வடிவில் பரவியது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு. இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ஐந்து ஆசனங்கள். மறுபடி இரண்டு டம்ளர். வெளியே வருவது தெளிந்த நீராகும்வரை. இதில் உடலியல் இல்லாமல் இல்லை. இரத்தத்தோடு ஒத்துப்போகும் உப்பு அளவு லிட்டருக்கு 9 கிராம். இரண்டு தேக்கரண்டி அதைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. அதனால் குடல் அந்த நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை, கீழே தள்ளிவிடுகிறது. அசைவுகள் வழியைத் திறக்கின்றன. கொலனோஸ்கோப்பிக்கு முன் குடலைக் காலிசெய்ய இந்த முறையைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகூட உண்டு. குடல் காலியாவது உண்மை.

காலியாவதால் என்ன நன்மை என்பதில்தான் வாதம் நழுவுகிறது. பல ஆண்டுக் கசடு குடல் சுவரில் ஒட்டியிருக்கிறது, அது கரைந்து வருகிறது என்று சொல்கிறார்கள். குடலின் உள்தோல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை தானே உரிந்து புதிதாகிறது. பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்க அங்கே சுவரே நிலையாக இல்லை. அபாயக் கணக்கோ தெளிவாக இருக்கிறது. மூன்று லிட்டர் குடித்தால் உள்ளே போகும் உப்பு முப்பது கிராமைத் தொடும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் எல்லை 5 கிராம். நீர் வேகமாக வெளியேறினால் தப்பித்தோம். வெளியேறாமல் தங்கினால் உப்பு இரத்தத்தில் ஏறும். "இன்னும் வரலியா, இன்னும் ரெண்டு டம்ளர் குடிங்க" என்ற ஊக்கம் அந்த நேரத்தில் விஷம். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயநோய், இவற்றில் ஒன்று இருந்தும் தெரியாமல் இருப்பவர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வரும் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். பலன் சந்தேகம், அபாயம் நிச்சயம் என்றால் தீர்ப்புக்கு அதிக நேரம் தேவையில்லை.

துணித் தௌதி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நான்கு விரல் அகலமும் பதினைந்து முழ நீளமும் உள்ள ஈரத் துணியை மெல்ல மெல்ல விழுங்கி வெளியே இழுப்பது. குரு காட்டிய வழியில் மட்டும் என்று நூலே கட்டளையிடுகிறது. அப்படியொரு குருவை நான் பெரியகுளத்தில் பார்த்ததில்லை. பார்த்தாலும் துணியை வாங்கிக்கொள்ளமாட்டேன்.

வயிற்றுத் தசைகளைச் சுழற்றும் நௌலிக்கு ஒரு மரியாதை செலுத்தியாக வேண்டும். லோனாவளாவில் 1924இல் கைவல்யதாமத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தா, நௌலி செய்பவரின் பெருங்குடலில் அழுத்தமானி வைத்துப் பார்த்தார். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே குறைந்தது. வெற்றிடம் போல ஓர் இழுப்பு. மலவாய் வழியே நீரை உள்ளிழுக்கும் பஸ்தியில் தண்ணீர் மேலேறுவதற்குக் காரணம் அதுதான் என்று நிறுவி, தம் குருவின் பெயரால் அதை மாதவதாஸ் வெற்றிடம் என்று அழைத்தார். முடிவு எதுவாகவும் இருக்கட்டும், அளந்து பார்ப்போம் என்ற அந்த நேர்மை நூறாண்டுக்கு முன்பே ஒரு யோகியிடம் இருந்தது. இன்று கிரியைகளைப் பற்றிக் காணொளி போடுபவர்களில் எத்தனை பேர் ஒரு இரத்த அழுத்தக் கருவியையாவது பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்?

மூச்சுக்கு வருவோம். அளவெடுத்த சாட்சி இங்கேதான் அதிகம். 2001இல் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சுவையான ஆய்வை வெளியிட்டார்கள். லத்தீனில் ஜெபமாலை சொல்பவர்களும் ஓம் மணி மந்திரம் சொல்பவர்களும் தங்களை அறியாமலே நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற தாளத்துக்கு வந்துவிடுகிறார்கள்; அந்தத் தாளத்தில் இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடலின் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. மதம் எதுவானாலும் நெஞ்சு ஒன்றுதான். நமக்கு அருகில், புதுச்சேரி ஜிப்மரில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. மருத்துவத் துறை மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு வேகப் பிராணாயாமமும் ஒரு பகுதியினருக்கு மெதுவான பிராணாயாமமும் கற்பித்தார்கள். மன அழுத்தம் இரண்டிலும் குறைந்தது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சீர்பட்டது மெதுவான மூச்சில் மட்டும்.

ஆனால் வகுப்புகளில் கூட்டம் சேர்ப்பது வேக மூச்சுதான். கபாலபாதியிலும் பஸ்திரிகாவிலும் உடனே ஏதோ நடக்கிறது; வியர்க்கிறது, தலை லேசாகிறது, விரல் நுனி குறுகுறுக்கிறது. "நாடி திறக்குது" என்று விளக்கம் வரும். வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது, விரல் மரத்துப்போகிறது. பிராணவாயு அதிகமாகச் சேர்ந்ததற்கு அடையாளம் என்று அதைச் சொல்வது நடப்பதற்கு நேர் எதிரானது. ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் பிராணவாயு ஏற்கெனவே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நிறைந்திருக்கிறது. அதற்குமேல் ஊற்ற இடமில்லை. கபாலபாதி செய்தபோது நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிப்போன ஒரு பெண்ணின் நேர்வை 2004இல் செஸ்ட் என்ற மருத்துவ இதழ் பதிவு செய்தது. வயது 29. அரிதான நிகழ்வுதான், அதைக் காட்டிப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் சிங்கத்தையும் யானையையும் பழக்குவது போல மூச்சை மெல்லப் பழக்கு, அவசரப்பட்டால் அது சாதகனையே கொல்லும் என்று ஹடயோகப் பிரதீபிகை எழுதியது சும்மா அல்ல. விக்கல், இருமல், இளைப்பு, தலைவலி என்று தவறான பயிற்சியால் வரும் நோய்களையும் அது வரிசைப்படுத்துகிறது. தன் சரக்கின் கேட்டைத் தானே எழுதி வைத்த நூல் அது.

திருமூலரின் கணக்கையும் இதே தராசில் வைக்க வேண்டும். இழுக்கப் பதினாறு, நிறுத்த அறுபத்து நான்கு, விட முப்பத்திரண்டு மாத்திரை. விடும் நேரம் இழுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்கு என்ற பகுதி, இன்றைய ஆய்வுகள் ஏற்கும் மெதுவான மூச்சோடு நன்றாகப் பொருந்துகிறது. நடுவில் உள்ள அறுபத்து நான்கு, ஆண்டுக்கணக்கில் பழகியவருக்கு. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரை முதல் வாரத்திலேயே மூச்சடக்கச் சொல்வது பக்தியாகாது. சென்னையில் 1976இல் தேசிகாசார் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் ஆளுக்குத் தக்கபடி மூச்சின் அளவை மாற்றிக் கற்பிப்பதையே தன் முறையாகக் கொண்டது. நாற்பது பேரை வரிசையாக உட்காரவைத்து ஒரே எண்ணிக்கையில் மூச்சுவிடச் சொல்லும் மண்டபத்துக்கு அந்தப் பக்குவம் எப்படி வரும்?

நம் பகுதிக்கென்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. யோகா மேடைகளில் அது எழுவதில்லை. உடம்பில் சேர்ந்த நச்சை வெளியேற்றுகிறோம் என்று சொல்கிறார்களே, எந்த நச்சு? பெயர் கேட்டால் பதில் வராது. ஆனால் பெரியகுளத்து மாந்தோப்பிலும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் பந்தலிலும் வேலை செய்பவருக்கு நச்சின் பெயர் தெரியும். டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கும் தெரியும். மருந்தடிக்கிறவர் உடம்பில் ஏறும் ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து நரம்புகளுக்கு இடையே வேலை செய்யும் ஒரு நொதியை முடக்குகிறது. அது உள்ளே போகும் முக்கிய வழி தோல். ஈரல் அதைச் சிதைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. முடங்கிய நொதி மீள வாரக்கணக்கில் ஆகும். உப்பு நீரோ கபாலபாதியோ இந்தப் பாதையில் எங்கும் குறுக்கே வருவதில்லை.

குறுக்கே வருவது சோப்பு. மருந்தடித்த கையோடு உடுப்பைக் கழற்றி, தலைமுதல் கால்வரை சோப்புப் போட்டுக் குளித்து, அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பது. கையுறை, முகமூடி, காற்றுக்கு எதிரே நின்று அடிக்காமல் இருப்பது. உடல் தூய்மை என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் மிக நேரடியான, மிகப் பலனுள்ள பொருள் இதுதான். மருந்தடித்துவிட்டு அதே சட்டையோடு வெற்றிலை போடுகிறவர் நகரத்து மண்டபத்தில் வந்து குடல் கழுவப்போவதில்லை. குடல் கழுவ வருகிறவர் பெரும்பாலும் மருந்து டேங்கைத் தோளில் தூக்கியிருக்கமாட்டார். தூய்மைப் பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம் போகவில்லை என்பது என் பெரிய குற்றச்சாட்டு. இதற்கு யோகிகளை மட்டும் குறைசொல்ல முடியாது. வேளாண் துறையும் தோட்ட முதலாளிகளும் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் நச்சைப் பற்றி மேடைபோட்டுப் பேசுகிறவர் நச்சு இருக்கும் திசையைப் பார்க்காமல் பேசலாமா?

மனத்தின் தூய்மையில்தான் தமிழ்நாட்டின் சொந்தப் பங்களிப்பு இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஆழியாறு அறிவுத் திருக்கோயிலிலிருந்து ஊர் ஊராக மனவளக்கலை மன்றங்களாக அது பரவியது. அவர் கட்டிய பாடத்திட்டத்தில் துணி விழுங்கவும் குடல் கழுவவும் இடமில்லை. எளிய உடற்பயிற்சி, தவம், அகத்தாய்வு, காயகல்பம். இவற்றில் அகத்தாய்வுதான் என் கணிப்பில் முதலிடம் பெறுவது. யார் யார்மேல் கோபம் வருகிறது என்று பட்டியல் எழுதச் சொல்கிறார். கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்: அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே முடிக்க வேண்டியவை. மகளின் கல்யாணக் கடன், தம்பியோடு வரப்புத் தகராறு, ஏலக்காய் விலை சரிவு என்று எதையும் இந்த நான்கில் ஒன்றில் போட்டுப் பார்க்கலாம். இன்றைய உளவியல் சிகிச்சையில் எண்ணங்களை எழுதிச் சோதிக்கும் முறைக்கு இது மிக அருகில் நிற்கிறது. பதஞ்சலியும் மனம் தெளிய மூச்சை மட்டும் சொல்லவில்லை. இன்பமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் இரக்கம் என்று பிறரோடு பழகும் முறையைத்தான் முதலில் சொன்னார்.

அதே பாடத்திட்டத்தின் காயகல்பத்தை இந்த மதிப்போடு ஏற்க என்னால் முடியவில்லை. வித்தின் திடத்தைக் காத்து முதுமையைத் தள்ளிப்போடலாம் என்ற உறுதிமொழிக்கு உடலியலில் அடித்தளம் இல்லை. மலவாய்த் தசையைச் சுருக்கி விரிக்கும் பயிற்சி இடுப்படித் தசைகளுக்கு வலுத்தரும் என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் முகாம்களில் ஆட்களை ஈர்ப்பது காயகல்பம். அகத்தாய்வில் பாதிப் பேர் நோட்டைத் திறப்பதில்லை. தன் கோபத்தைப் பட்டியலிடுவது உப்புத் தண்ணீர் குடிப்பதைவிடக் கசப்பான வேலை போலும்.

ஆகவே என் தீர்ப்பு. குடலைக் கழுவும் நாளைப் பெரியகுளத்து வகுப்புகள் தங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். மலச்சிக்கல் உள்ளவரை மருத்துவரிடமோ சித்த வைத்தியரிடமோ அனுப்பினால் போதும். நேதி, மூக்குத் தொல்லை உள்ளவருக்கு மட்டும், கொதித்து ஆறிய நீரில். வேக மூச்சு கடைசியாக, கொஞ்சமாக, அழுத்தம் பார்த்தபின். நிமிடத்துக்கு ஆறு என்ற மெதுவான மூச்சு முதல் நாளிலிருந்தே, எல்லோருக்கும், மூச்சை அடக்காமல். அகத்தாய்வுக்கு இப்போது கொடுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு. மாதத்தில் ஒரு வகுப்பையாவது மண்டபத்தை விட்டு ஏலத்தோட்ட ஜீப்புகள் சாயங்காலம் வந்து நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோகட்டும். அங்கே பத்து நிமிடம் மூச்சைப் பற்றிப் பேசுவதற்கு முன் சோப்பையும் கையுறையையும் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டியிருக்கும்.